மேலும் கீழும் ஆடும் தூளி

ஊரில் தூளி பக்கவாட்டில் ஆடும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உத்தரத்தில் பழைய சேலையை முடிந்து, அதில் பிள்ளையைப் போட்டு, காலால் ஓர் எத்து எத்திவிட்டு அரிசி புடைக்க உட்காருகிறவர்கள் நாம். சிங்கப்பூரில் தூளி மேலும் கீழும் குதிக்கும். கூரையில் ஒரு கொக்கி, கொக்கியில் மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தொங்கும் கைலி, கைலிக்குள் பிள்ளை. கீழே ஓர் இழு இழுத்துவிட்டால் போதும், பிள்ளை பாட்டுக்கு எழும்பித் தாழ்ந்துகொண்டே இருக்கும். மலாய்க்காரர்கள் இதைப் புவாயான் என்பார்கள். என் மகள் ரோஸ்லினை முதன்முதலாக அதற்குள் பார்த்தபோது, "ஐயோ மாதாவே, பிள்ளை மூளை கலங்கிடும்" என்று வாசலிலேயே அலறிவிட்டேன். பிள்ளை பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மா மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. நான் தூளியைப் புகழ்கிறேன் என்று நினைத்து, "பாகுஸ், பாகுஸ்" என்று சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஒரு இழுப்பு இழுத்தார். நல்லது, நல்லது என்று அர்த்தம். பிள்ளை கைலிக்குள்ளிருந்து கெக்கெக்கென்று சிரித்தாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு எப்படிப் போகப்போகிறது என்று.

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். பங்குச் சாமியார் மூலமாக வந்த சம்பந்தம். கணவர் சேவியர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். வீடு புக்கிட் மேராவில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கடைசி மாடியில். "நமக்கு மேல கடவுள் மட்டும்தான்" என்று பெண் பார்க்க வந்தபோதே பெருமையாகச் சொன்னார். நான் கேட்ட ஒரே வரதட்சணை, என்னைப் படிக்க விட வேண்டும் என்பது. சென்னையில் பி.யூ.சி. முடித்ததோடு என் படிப்பு நின்றிருந்தது. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. இங்கே என் பி.யூ.சி.யை யாரும் மதிக்காததால் அதற்குச் சமமான ஏ லெவல் பரீட்சையை எழுதினேன், நடுவில் ரோஸ்லினைப் பெற்றேன், எண்பதுகள் பிறந்த கையோடு கென்ட் ரிட்ஜ் குன்றிலிருக்கும் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஊரிலிருந்து அம்மா, "பிள்ளை பெத்தவளுக்கு எதுக்குடி காலேஜ்" என்று கடிதம் போட்டாள். பதில் போடவில்லை, பஸ் பிடித்து வகுப்புக்குப் போனேன்.

நான் எடுத்த படிப்பை ஊர்க்காரர்களுக்கு விளக்குவது இன்றைக்கும் கஷ்டம். டாக்டருக்குப் படித்தாள், வாத்தியாருக்குப் படித்தாள் என்று சொல்லலாம். நான் படித்தது பொருளாதாரம், வரலாறு, புவியியல் மூன்றையும் சேர்த்து. உலகம் எப்படி ஒரே சந்தையாக ஆகிக்கொண்டிருக்கிறது, எங்கோ விளைவது எங்கோ உருமாறி எங்கோ விற்கிறதே, அந்தப் போக்குவரத்தில் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் பாடம். ஒரு வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் வருவார்கள். பொருளாதாரத்துக்கு ஒரு வெள்ளைக்காரர், வரலாற்றுக்கு ஒரு சீனப் பெண்மணி, புவியியலுக்கு ஓர் இளைஞர். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார், மூன்றாமவர் இருவரையும் மறுப்பார். வீட்டில் இதைச் சொன்னபோது சேவியர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எகானமிக்ஸும் படிக்கிற, ஹிஸ்டரியும் படிக்கிற, மேப்பும் படிக்கிற. கடைசில நீ யாரு? ரோஜாக் மாதிரில்ல இருக்கு."

தேக்கா சந்தையில் உருளைக்கிழங்கு, வடை, முட்டை, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வெட்டிப்போட்டு, தொட்டுக்கொள்ளச் சிவப்பாக ஒரு குழம்பு தருவார்களே, அதுதான் ரோஜாக். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் படிப்புக்கு அதுதான் பெயர். "ரோஜாக் கிளாஸ் எத்தனை மணிக்கு?" என்பார். எனக்குக் கோபம் வராது. எனக்கு ரோஜாக் பிடிக்கும்.

முதல் வாரமே புவியியல் ஆசிரியர் சுவர் நிறைய ஓர் உலகப் படத்தை மாட்டினார். படம் முழுக்க அம்புக்குறிகள். நீலம் பணம், பச்சை சரக்கு, சிவப்பு மனிதர்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மலாக்கா நீரிணை வரைக்கும் ஒரு சிவப்பு அம்பு வழவழவென்று வளைந்து போயிற்று. வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்பு நெடுகக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள் நான். என்ன சிரிப்பு என்று அவர் கேட்டார். "சார், அந்த லைன் அவ்வளவு ஸ்மூத் கிடையாது" என்றேன் ஆங்கிலத்தில். நான் கடல் நீரோட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, பருவக்காற்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தினார் பாவம்.

நான் படிக்க வேண்டுமென்றால் பிள்ளையை யார் பார்ப்பது? சேவியருக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, கம்பெனி பஸ் வந்தால் ஓட வேண்டும். எனக்கு வகுப்பும் நூலகமும். இங்கே இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் முகம் சுளிக்காதீர்கள், இந்த அடுக்குமாடிகளில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருமே செய்வதுதான். திங்கட்கிழமை காலை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கொண்டுபோய் விடுவோம், வெள்ளிக்கிழமை மாலை திருப்பி எடுப்போம். நடுவில் பிள்ளை அங்கேயே உண்ணும், அங்கேயே உறங்கும். எங்கள் புளோக்கிலேயே நான்காம் மாடியில் வாடகை வீட்டில் இருந்தார் மக்சிக். மக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி மாதிரி. எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவர் இல்லை. ஒரே மகளைக் கடல்பாலம் தாண்டி ஜொகூரில் பத்து பகாட் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். அடர்ந்த புருவம், வெற்றிலை போடாத வெள்ளைப் பல், பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். லிஃப்ட் அவர் மாடியில் நிற்காது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்குவேன்.

முதல் மாதம் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கிளம்பும்போது ரோஸ்லின் கதறுவாள். நான் படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கதறுவேன். ஒருநாள் மக்சிக் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, கண்ணைக் காட்டி, கையை ஆட்டி, எனக்குப் புரியும் மலாயில் புரியவைத்தார்: பார்த்தால் அழும், பார்க்காவிட்டால் அழாது. நடு வாரத்தில் வராதே. அதோடு இன்னொரு வழக்கமும் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் வாசலில் நிற்பேன். மக்சிக் அவளைப் புவாயானில் போட்டு ஏதோ பாடுவார். அவரே இட்டுக்கட்டிய பாட்டு, வரிக்கு வரி ரோஸ், ரோஸ் என்று வரும். சற்று நேரத்தில் என் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைத்து, "சுடா தீடோர். பெர்கி ஆதாஸ்" என்பார். தூங்கிவிட்டாள், நீ மேலே போ. நான் மேலே போவேன். பிறகு வெள்ளிக்கிழமை வரைக்கும், என் பிள்ளை என் காலுக்குக் கீழே ஆறு தளங்கள் தள்ளி இருக்கிறாள் என்ற நினைப்போடு உலகச் சந்தையைப் பற்றிப் படிப்பேன். வகுப்பு முடிந்து வரும்போது வேண்டுமென்றே நான்காம் மாடி வழியாகப் படியேறுவேன். அவர் வீட்டுக் கதவுக்குள் அந்த ஸ்பிரிங் கீச், கீச் என்று கேட்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்தக் கதவைத் தாண்டிப் போவேன். சொந்தப் பிள்ளை வீட்டு வாசலைத் திருடி மாதிரித் தாண்டியவள் நான்.

சனி, ஞாயிறுகளில் அவள் எங்களுடையவள். நான் அம்மா, மக்சிக் "மாக்". மாக் என்றாலும் அம்மாதான். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மக்சிக் சொல்லிக்கொடுத்தபடி "பிஸ்மில்லா" என்பாள், அடுத்த மூச்சில் நான் சொல்லிக்கொடுத்தபடி சிலுவை போட்டுக்கொள்வாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளாகத்தில் பன் கொடுத்தபோது இதைப் பார்த்த சாமியார், "ரெண்டு வழியிலயும் பெர்மிட் வாங்கி வச்சிருக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மத்தியானம் வீட்டில், என் சேலையில் நான் கட்டிய தூளியில் அவளைப் போட்டுப் பக்கவாட்டில் ஆட்டினால், விலுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முகம் வெளிறும், வாந்தி வருகிற மாதிரி விழிப்பாள். கடைசியில் தரையில் பாய் போட்டுப் படுக்கவைப்பேன். இரண்டு நாள் விருந்தாளியைப் போலப் படுத்துக்கொண்டு, கூரையில் இல்லாத கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும். மக்சிக்கின் மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். படிப்பு முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே தேற்றிக்கொள்வேன்.

கடைசி வருடம் வந்தது. மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலிருக்கும் ஏதாவதொரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கைக்கு வந்த வழியை எழுதுங்கள், யார் செய்தது, எந்தக் கடலைத் தாண்டியது, உங்களுக்கு முன்னால் யாரிடம் இருந்தது, உங்களுக்குப் பிறகு யாரிடம் போகும். வகுப்புத் தோழி ஒருத்தி டிரான்சிஸ்டர் ரேடியோ என்றாள், இன்னொருவன் ரப்பர் செருப்பு என்றான். நான் யோசிக்கவே இல்லை. "என் மகளின் தூளி" என்றேன். வெள்ளைக்காரருக்குப் பிடிக்கவில்லை, அதில் என்ன வணிகம் இருக்கிறது என்று கேட்டார். வரலாற்று ஆசிரியைதான், "அந்தத் துணியை மலாய்க்காரர்கள் என்னவென்று சொல்வார்கள், கேட்டாயா?" என்றார். காயின் பெலிக்காட் என்றேன். எத்தனையோ தடவை மக்சிக் வாயில் கேட்டிருக்கிறேன். ஆசிரியை ஒரு புன்னகையோடு, "பெலிக்காட் என்பது ஓர் ஊரின் பெயர். முந்நூறு வருடத்துக்கு முன்னால் டச்சு வணிகர்கள் அங்கிருந்துதான் இந்தத் துணியைக் கிழக்கே கொண்டுவந்தார்கள். மெட்ராஸுக்கு வடக்கே, புலிகாட்" என்றார்.

புலிகாட் என்று வெள்ளைக்காரர்கள் எழுதுவது எங்கள் பழவேற்காட்டைத்தான். ஊரில் பள்ளிக்குப் போகும் வழியில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் தோலே இல்லாமல் பிறப்பார்கள் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தோம். இறால் நாற்றமும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏறும் ஏரித் தண்ணீரும், எப்போதடா இங்கிருந்து போவோம் என்ற ஏக்கமும்தான் எனக்கு அந்த ஊர். அங்கே கைலி நெய்து நான் பார்த்ததே இல்லை. ஊரைவிட்டுத் துணி எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது. என் பிள்ளை என் ஊர்ப் பெயருக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, என் மொழி இல்லாத ஒரு பாட்டைக் கேட்டுத் தூங்குகிறாள். இதைவிட ஒரு கட்டுரைக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத் துள்ளினேன்.

அந்த ஞாயிறே சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போய், கைலிக் கட்டை எடுத்துக் காட்டச் சொல்லி, எங்கே நெய்தது, யார் கொண்டுவருகிறார்கள், எந்தத் துறைமுகம் என்று கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, கஸ்டம்ஸா நீங்க?"

"இல்லண்ணே, படிக்கிறேன்."

"கைலிக்கெல்லாம் படிப்பு வந்துருச்சா? கட்டினா இடுப்புல நிக்குதா பாருங்க, அதான் லா முக்கியம்."

சேவியர் கடைக்கு வெளியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்து மக்சிக்கைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு கேசட் ரிக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், நடு வாரம் வரக்கூடாது என்ற வழக்கத்தை மீறி நான்காம் மாடிக்குப் போனேன். ரோஸ்லின் புவாயானுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதில் படுக்கும் வயது தாண்டியும் அவளுக்கு மத்தியானத் தூக்கம் அதற்குள்தான். காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டியைத் தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மக்சிக் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காயின் இனி தாரி மானா?" என்றேன். இந்தத் துணி எங்கேயிருந்து வந்தது?

"தாரி கெடாய்லா!" என்றார். கடையிலிருந்துதான், வேறெங்கிருந்து! சொல்லிவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முந்நூறு வருட வரலாற்றைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு அதுதான் பதில். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கெடாய் என்பதே நம் கடைதான் என்று சொல்ல ஆசைப்பட்டேன், அவ்வளவு மலாய் எனக்கு வராது.

பிறகு ஆசிரியை எழுதிக்கொடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரோஸுக்கு முன்னால் இதில் யார் படுத்தார்கள்? தன் மகள், பிறகு ஒரு சீனப் பையன், பிறகு இரட்டைப் பிள்ளைகள் என்று விரல் மடக்கினார். ரோஸுக்குப் பிறகு இதில் யார் படுப்பார்கள்? மக்சிக் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். படிப்பு முடியப்போகிறதா என்று கேட்டார். ஆமாம், இதுதான் கடைசி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ரோஸ்லின் தூக்கத்தில் சிணுங்கினாள். அவர் எழுந்து போய்க் கைலியை ஓர் இழு இழுத்து, பாட ஆரம்பித்தார். ரோஸ், ரோஸ் என்று நீளமாகப் பாடினார். நாடா சுழல்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன், நல்ல பதிவு கிடைக்கிறது என்று மகிழ்ந்தேன். பாடி முடித்ததும் வழக்கம் போல உதட்டில் விரலை வைத்து, "சுடா தீடோர். பெர்கி ஆதாஸ்" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நானும் சேவியரும் பிள்ளையைக் கூட்டிவரப் போனோம். கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலி இல்லை, அலமாரி இல்லை, சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. கூரையில் கொக்கி மட்டும் தொங்கியது. ரோஸ்லின் புதுக் கவுன் போட்டு, தலைவாரி, பவுடர் பூசி, ஒரு பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். பையில் அவள் துணிமணி முழுவதும் இஸ்திரி போட்டு மடித்திருந்தது. அதற்கு மேலே ஸ்பிரிங், அதன்மேல் அந்தக் கைலி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேவியருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அவர் மக்சிக்கிடம் பேசினார், மக்சிக் மெதுவாகப் பதில் சொன்னார், சேவியரின் முகம் மாறியது.

"என்னாங்க, என்னா சொல்றாங்க?"

"மகள் வீட்டோட போறாங்க, பத்து பகாட்டுக்கு. ரெண்டு வருஷமா மகள் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சாம். ரோஸ் இருக்கா, வர முடியாதுன்னு தள்ளிப் போட்டாங்களாம்."

"இப்ப ஏன் போறாங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ அன்னிக்கு வந்து கேட்டியாமே, ரோஸுக்கு அப்புறம் யாருன்னு. பிள்ளையத் திருப்பி எடுத்துக்கப் போறேன்னு நேரா சொல்ல உனக்கு வாய் வரல, பண்பான பொண்ணு, அதான் டேப்பெல்லாம் வச்சுப் படிப்பு மாதிரிச் சுத்திக் கேட்டேன்னு நெனச்சாங்களாம். உனக்குச் சங்கடம் வேணாம்னு அவங்களும் ஒண்ணும் கேக்கல. மகளுக்குச் சரின்னு சொல்லிட்டாங்க. வீட்டையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"இல்ல மக்சிக், இல்ல, அது நெஜமாவே படிப்புக்குத்தான்" என்று தமிழில் கத்தினேன். சேவியர் அதை மலாயில் சொன்னார். மக்சிக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு திரும்பி, எனக்குத் தெரிந்த மலாயிலேயே, "தாக் அப்பா, மேரி. தாக் அப்பா" என்றார். பரவாயில்லை, பரவாயில்லை. மலாய்க்காரர்கள் மனசில் உள்ளதை நேராகச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள், குறிப்பாகச் சொல்வார்கள், குறிப்பாகவே புரிந்துகொள்வார்கள் என்று சேவியர் பிறகு சொன்னார். எங்கள் பாடப் புத்தகத்திலும் அது இருந்தது. நான் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். நான் கேட்டதில் குறிப்பே இல்லை, வெறும் கேள்விதான் இருந்தது. அதை அவரால் நம்ப முடியவில்லை. பெற்றவள் ஒருத்தி பிள்ளையைப் பற்றி வெறும் கேள்வி கேட்பாள் என்று யார்தான் நம்புவார்கள்? பழியை யார் தலையிலாவது தூக்கி வைக்க முடிந்திருந்தால் அன்றிரவு கண்ணயர்ந்திருப்பேன். வைக்க ஆளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. நாங்கள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவர் கிளம்பியிருக்கிறார். பார்த்தால் அழும், பார்க்காவிட்டால் அழாது.

பார்க்காமலும் அழுதாள். திங்கட்கிழமை காலை தானே செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி நான்காம் மாடிக் கதவைத் தட்டினாள். "மாக்! மாக்!" நான் பின்னாலேயே போய் நின்றேன். பூட்டிய கதவைக் காட்டி என்னிடம் மலாயில் ஏதோ கேட்டாள். வேகமாகக் கேட்டாள், கண்ணீரோடு கேட்டாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. என் வயிற்றில் பிறந்தவள் தன் வாழ்க்கையின் பெரிய துக்கத்தை என்னிடம் சொல்கிறாள், மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு ஆள் வேண்டியிருக்கிறது, ஆளோ ஜூரோங்கில் ஷிப்டில் இருக்கிறார். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கூரையில் கொக்கி அடித்து, அதே ஸ்பிரிங்கில் அதே கைலியை மாட்டினோம். உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் இழுத்துவிட்டேன், எனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடினேன். "அது இல்ல" என்றாள். கேசட் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடிப்பிடிக்கும் பொறுமை யாருக்கு இருந்தது? தொடக்கத்திலிருந்தே ஓட்டினேன். என் கேள்வி, மக்சிக்கின் பதில், சிரிப்பு, கீழே எங்கோ நாய் குரைப்பது, பிள்ளைகளை எண்ணிச் சொல்வது, நடுவில் அந்த நீண்ட மௌனம், பிறகு பாட்டு, கடைசியில் அந்த "பெர்கி ஆதாஸ்". ரோஸ்லின் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். பாட்டின் பாதியில் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அந்த நாடாதான் அவளைத் தூங்கவைத்தது.

கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. வரலாற்று ஆசிரியை பாராட்டி எழுதியிருந்தார். வெள்ளைக்காரர் ஓரத்தில், தூளியின் பயணத்தை நன்றாகக் காட்டியிருக்கிறாய், பார்த்துக்கொள்பவரின் உழைப்புக்கு இதில் என்ன மதிப்பு என்று கணக்கிடவில்லையே என்று கேட்டிருந்தார். கேட்டதில் தப்பில்லை. எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் ஊரில் அம்மாவின் சுவரில் மாதாப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறதாம். அதில் நான் சிரிக்கிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அடுத்த வருடம் பள்ளி விடுமுறையில் பஸ் ஏறிப் பத்து பகாட்டுக்குப் போனோம். மக்சிக் வாசலுக்கே ஓடி வந்து, "ரோஸ்!" என்று கையை விரித்தார். ரோஸ்லின் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை. யார் இவங்க என்று என்னிடம் தமிழில் கேட்டாள். தமிழில் கேட்டாள் என்று ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். மறுகணமே மக்சிக்கின் முகத்தைப் பார்த்தேன். விரித்த கையை அப்படியே இறக்கி, என் தோளைத் தட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்றார். பிறகு பேரப்பிள்ளைக்குப் பால் கலக்க உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

இப்போது ரோஸ்லின் தொடக்கப் பள்ளிக்குப் போகிறாள். தமிழ் எழுதுகிறாள், ழகரம் என்னைவிட நன்றாக வருகிறது. கேசட் எப்போதோ நாடா சிக்கி அறுந்துபோயிற்று. மலாயை மறந்துவிட்டாள், மக்சிக்கையும் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை மத்தியானம் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து கீச், கீச் என்று கேட்டது. போய்ப் பார்த்தேன். பரண்மேல் கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி, அதில் என் பழைய சேலை ஒன்றை முடிந்து, உள்ளே தன் பொம்மையைப் போட்டிருந்தாள். கீழே ஓர் இழு இழுத்தாள், பிறகு பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள். பொம்மை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆடியது. அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

நாடாவில் இருந்ததெல்லாம் அவளுக்கு ஒரே பாட்டு. "காயின் இனி தாரி மானா" என்று தொடங்கினாள். என் தப்பும் தவறுமான உச்சரிப்பு, என் இழுவை, அப்படியே. "தாரி கெடாய்லா!" என்றாள், சொல்லிவிட்டு மக்சிக்கைப் போலக் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிள்ளைகளை எண்ணிச் சொல்லி விரல் மடக்கினாள். மடக்கிவிட்டு, பாட்டில் அது ஓர் அடி என்பது போல, ஒன்றும் பேசாமல் சற்று நேரம் இருந்தாள். அந்த மௌனம் அவளுக்கு மனப்பாடம். பிறகு ரோஸ், ரோஸ் என்று தன் பெயரையே நீளமாகப் பாடிப் பொம்மையைத் தூங்கவைத்தாள். நான் கதவருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாடி முடித்ததும் என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"தூங்கிட்டா" என்றாள் தமிழில், மெதுவாக. "நீ மேல போ."

எழுந்து நின்றேன். எங்கள் வீடு கடைசி மாடி.